கையில் நாற்பது குண்டு: 'பெங்கால்' கப்பல் பற்றிய கேள்வி பதில்

போன வாரம் ராயல் இந்தியன் நேவியின் (வெள்ளைக்காரன் காலத்து இந்தியக் கடற்படை) எச்.எம்.ஐ.எஸ். பெங்கால் என்ற கப்பலைப் பற்றி நாலு வரி எழுதினேன். இரண்டாம் உலகப் போரில், 1942 நவம்பர் 11 அன்று இந்தியப் பெருங்கடலின் நடுவில், ஒரு டச்சு டேங்கருக்கு, அதாவது எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாகப் போன இந்தச் சின்னக் கப்பல் தன்னைவிடப் பத்து மடங்கு பெரிய இரண்டு ஜப்பானியக் கப்பல்களை எதிர்த்து நின்றது, எதிரிக் கப்பல்களில் ஒன்று மூழ்கியது, இவ்வளவுதான் அதில் இருந்தது. கேள்விகள் மளமளவென்று வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, முடிந்தவரை பதில் சொல்கிறேன். நான் கடற்படைக்காரன் இல்லை. சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூமில் காலம் தள்ளியவன். அந்தப் பார்வை ஆங்காங்கே எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து ஒருவர்: சார், 'சின்னக் கப்பல்' என்கிறீர்கள். எவ்வளவு சின்னது? நம்ம ஊர் தோணி அளவா?

தோணி அளவுக்கு இறங்க வேண்டாம். நீளம் 186 அடி, அகலம் 31 அடி. ரயில் பெட்டிக் கணக்கில் சொன்னால் இரண்டரைப் பெட்டி நீளம். எடை சுமார் 650 டன். உள்ளே 85 பேர். நீராவி இன்ஜின், உச்ச வேகம் 15 நாட், அதாவது மணிக்கு 28 கிலோமீட்டர் போல. மதுரை டவுன் பஸ் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது 'பாதர்ஸ்ட்' வகுப்புக் கப்பல். ஆஸ்திரேலியாவில் மொத்தம் 60 கட்டினார்கள். 36 ஆஸ்திரேலியக் கடற்படைக்கு, 20 பிரிட்டிஷ் அட்மிரால்டிக்கு (கடற்படைத் தலைமையகம்), மிச்சம் நாலு நமக்கு. அந்த நாலின் பெயர்கள் பஞ்சாப், மெட்ராஸ், பெங்கால், பாம்பே. ஆமாம், 'மெட்ராஸ்' என்றே ஒரு கப்பல் இருந்தது. தாள்களில் இவற்றைக் கண்ணிவாரி, அதாவது கடல் கண்ணிவெடிகளை அகற்றும் கப்பல் என்று எழுதி வைத்தார்கள், ஆனால் செய்த வேலையெல்லாம் நீர்மூழ்கி வேட்டையும் கான்வாய், அதாவது கூட்டமாகப் போகும் கப்பல்களுக்குக் காவலும்தான். மாலுமிகள் வாயில் அது எப்போதும் 'கார்வெட்', சின்னக் காவல் கப்பல்.

பெங்கால் சிட்னியின் காக்கட்டூ கப்பல்கட்டும் தளத்தில் 1942 மே மாதம் தண்ணீரில் இறங்கியது, ஆகஸ்ட்டில் கடற்படையில் சேர்ந்தது. சண்டை நடந்தது நவம்பரில். அதாவது பெயிண்ட் வாசனை போகாத கப்பல், ஊர் வந்து சேர்வதற்கான முதல் நெடும் பயணம்.

கோவை வாசகி: எதிரிக் கப்பல்கள் போர்க்கப்பல்களா, சரக்குக் கப்பல்களா? ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி படித்தேன்.

இரண்டும்தான், அதுதான் அதில் உள்ள தந்திரம். ஹொகோகு மாரு, ஐகோகு மாரு இரண்டும் ஒசாகா கம்பெனி ஒன்று பயணிகளுக்கும் சரக்குக்கும் கட்டிய கப்பல்கள். ஒவ்வொன்றும் 10,400 டன்னுக்கு மேல், வேகம் 20 நாட்டுக்கு மேல். கடற்படை அவற்றை எடுத்துக்கொண்டு 14 செ.மீ. பீரங்கிகள், டார்பிடோ (தண்ணீருக்குள் பாயும் குண்டு) விடும் குழாய்கள், வேவு பார்க்க மிதவை விமானம் எல்லாம் பொருத்தியது. வேலை என்ன? தனியாகப் போகும் வணிகக் கப்பல்களைத் தேடிப் பிடிப்பது. 1942 ஜூலைக்குள் இந்த இரட்டையர் கணக்கில் சில கப்பல்கள் மூழ்கியிருந்தன. ஜெனோட்டா என்ற டச்சு டேங்கரையும் ஹௌராகி என்ற நியூசிலாந்துக் கப்பலையும் உயிரோடு பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். இதை மனதில் வையுங்கள். டேங்கரை அவர்கள் மூழ்கடிக்க விரும்புவதைவிடக் கைப்பற்றவே விரும்புவார்கள். எண்ணெய்க்குத்தானே ஜப்பான் போருக்கே வந்தது.

நம்மூரில் 'எம்டன்' என்று சொல்லுவோமே, 1914-இல் சென்னை மீது குண்டு போட்ட அந்த ஜெர்மன் கப்பலும் இதே வேலையைத்தான் செய்தது, ஆனால் அது முறையான போர்க்கப்பல். எம்டன் முடிந்தது கோக்கோஸ் தீவில், 1914 நவம்பர் 9. பெங்கால் சண்டை நடந்தது அதே கோக்கோஸிலிருந்து தென்மேற்கே சுமார் 500 கடல்மைலில், 1942 நவம்பர் 11. இருபத்தெட்டு வருஷமும் இரண்டு நாளும். தற்செயல்தான், ஆனால் எனக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

திருச்சியிலிருந்து ஒரு மாணவர்: அன்று நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியுமா?

சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

பெங்கால் ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேண்டிலிலிருந்து நவம்பர் 5 அன்று கிளம்பியது. கூட வந்தது ஒண்டினா, 6,300 டன் டச்சு டேங்கர். அதிகாரிகள் டச்சுக்காரர்கள், மாலுமிகளில் பெரும்பாலோர் சீனர்கள். பாரசீக வளைகுடாவுக்கு எண்ணெய் ஏற்றப் போகிறது, வழியில் டியாகோ கார்சியா தீவு. இரண்டே கப்பல்கள், கான்வாய் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கும்.

நவம்பர் 11, மதியத்துக்குச் சற்று முன். தெளிந்த வானம். அடிவானத்தில் ஒரு கப்பல் தெரிகிறது, அதன் பின்னால் இன்னொன்று. நம் பக்கத்துக் கப்பல்கள் இந்த இடத்தில் இருக்க வாய்ப்பில்லை. பெங்காலின் கேப்டன் லெப்டினன்ட் கமாண்டர் டபிள்யூ. ஜே. வில்சன் டேங்கருக்கு 'நீ விலகிப் போ' என்று சமிக்ஞை கொடுத்துவிட்டு, தன் கப்பலை எதிரி இருக்கும் பக்கம் திருப்பினார்.

இந்த இடத்தில் நிறுத்தி யோசியுங்கள். பெங்காலிடம் இருந்தது ஒரே ஒரு 12-பவுண்டர் பீரங்கி. 12 பவுண்டு என்பது அதன் குண்டின் எடை, ஐந்தரைக் கிலோவுக்குச் சற்றே குறைவு. ஒரு சின்ன அரிசிச் சிப்பம். எதிரியின் 14 செ.மீ. குண்டு ஒவ்வொன்றும் 38 கிலோ. இந்த வகுப்பில் பல கப்பல்களுக்கு நாலு அங்குலப் பீரங்கி இருந்தது. பெங்காலுக்கு அது கிடைக்கவில்லை. கிடைத்த 12-பவுண்டருக்கும் நாற்பது குண்டுதான். நிமிடத்துக்குப் பத்து சுட்டால் நாலு நிமிடத்தில் அலமாரி காலி. அதுபோக சில ஓர்லிகான் இயந்திரத் துப்பாக்கிகள், அவை விமானத்துக்கானவை.

அப்படியிருந்தும் வில்சன் நெருங்கினார். தூரத்தில் இருந்தால் 14 செ.மீ. பீரங்கிக்குத்தான் லாபம், நம் குண்டு போய்ச் சேராது. பக்கத்தில் போனால்தான் 12-பவுண்டருக்குப் பேச்சே. மூன்று கிலோமீட்டர் போல நெருங்கிச் சுடத் தொடங்கினார்கள்.

டேங்கர் கேப்டன் வில்லெம் ஹோர்ஸ்மன் விலகச் சொன்னதைக் கேட்கவில்லை. கணக்கு எளிது: டேங்கரின் வேகம் பன்னிரண்டு நாட், எதிரிக்கு இருபதுக்கு மேல். ஓடி என்ன பயன்? பின்பக்கம் ஒரு நாலு அங்குலப் பீரங்கி இருந்தது, அதற்கு 32 குண்டு. அதை இயக்கிய குழுவுக்குத் தலைமை ஆஸ்திரேலிய மாலுமி பெர்ட் ஹேமண்ட். அவர்களும் சுட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஹொகோகு மாருவின் பக்கவாட்டில், டார்பிடோக் குழாய்கள் இருந்த இடத்தில் ஒரு குண்டு விழுந்தது. தீ. அப்புறம் பெரிய வெடிப்பு. பின்பக்கம் பிய்ந்துபோய் கப்பல் தீப்பிடித்துக்கொண்டே சாய்ந்தது, இன்னொரு வெடிப்போடு மூழ்கியது. கேப்டன் ஹிரோஷி இமாசாதோவும் அவரோடு சேர்த்து 76 பேரும் போனார்கள்.

இப்போது ஐகோகு மாரு மட்டும். பெங்காலுக்குக் குண்டு கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது. அடியும் பட்டிருந்தது, கப்பலில் தீயும் பிடித்தது. வில்சன் புகைத்திரை போட்டு விலகினார். ஆச்சரியம், பெங்காலில் ஒருவர்கூடச் சாகவில்லை. ஒண்டினாவின் கதி தெரியாமலே டியாகோ கார்சியா போய்ச் சேர்ந்தார்கள். வில்சனுக்கு டி.எஸ்.ஓ. பதக்கம் கிடைத்தது.

மதுரை நண்பர்: ஐயா, ஹொகோகுவை மூழ்கடித்தது யார்? பெங்காலா, ஒண்டினாவா? எங்கள் வாட்ஸப் குழுவில் இதுக்கு அடிதடியே நடக்கிறது.

உங்கள் குழு மட்டுமில்லை, எண்பது வருஷமாக நடக்கிறது. இந்தியப் பதிவுகளைப் பார்த்தால் பெங்கால். டச்சுக்காரர்களைக் கேட்டால் ஒண்டினா. என் கருத்து: நாலு அங்குலக் குண்டு 14 கிலோ போல இருக்கும். 12-பவுண்டர் குண்டைவிட இரண்டரை மடங்கு. டார்பிடோக் குழாயை உடைத்து உள்ளே பற்றவைக்க அதற்கு வாய்ப்பு அதிகம். அதனால் கடைசிக் குண்டு ஒண்டினாவுடையது என்று நினைக்கிறேன். தேசபக்தர்கள் என் மேல் கோபப்பட வேண்டாம்.

ஆனால் கேள்வியையே நான் கொஞ்சம் மாற்றிக் கேட்பேன். காவல் கப்பலின் வேலை எதிரியை மூழ்கடிப்பதா? இல்லை. கூட வரும் கப்பல் பிழைக்க வேண்டும், அதுதான் வேலை. பெங்கால் நேராகப் போய்த் தலையைக் கொடுக்காமல் இருந்திருந்தால் ஹொகோகுவின் பீரங்கிகள் முதல் நிமிடத்திலிருந்தே டேங்கர் மேல் திரும்பியிருக்கும். ஹேமண்ட் குழுவுக்கு நிதானமாகக் குறிபார்க்க நேரம் கிடைத்திருக்காது. கோல் போட்டவர் பெயர் பேப்பரில் வரும், பந்தை எடுத்துக் கொடுத்தவர் பெயர் வராது. கால்பந்து பார்ப்பவர்களுக்கு இது புரியும்.

அதே நண்பர்: ஒண்டினா என்ன ஆனது?

இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

ஐகோகு திரும்பி வந்து ஒண்டினாவை அடித்தது. பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் மேடையில் விழுந்த குண்டில் கேப்டன் ஹோர்ஸ்மன் இறந்தார். 32 குண்டும் தீர்ந்துபோனது. படகுகளை இறக்கிக் கப்பலைக் கைவிட்டார்கள். ஐகோகு இரண்டு டார்பிடோ விட்டது, இரண்டும் பட்டன, கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு படகுகள் மீதே இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள், அதில் தலைமை இன்ஜினியர் உட்படச் சிலர் செத்தார்கள். இன்னொரு டார்பிடோ விட்டார்கள், அது தவறியது. இனி இது தானாகவே மூழ்கிவிடும் என்று நினைத்து, தண்ணீரில் கிடந்த தங்கள் ஆட்களைத் தேடி எடுக்கப் போய்விட்டார்கள்.

கப்பல் மூழ்கவில்லை. ஏனென்றால் அது காலி டேங்கர். இன்ஜின் ரூமில் இருந்தவனாக இதை நான் ரசித்துச் சொல்கிறேன். எண்ணெய் நிறைந்த டேங்கரில் டார்பிடோ பட்டால் தீதான். காலித் தொட்டிகள் என்றால் ஒன்று உடைந்தாலும் பக்கத்துத் தொட்டிகளில் காற்று இருக்கும், மிதவை மாதிரி தாங்கும். காலித் தொட்டியில் எண்ணெய் ஆவி இருக்கும், அது வெடிக்கலாம், அதுவும் நடக்கவில்லை. நல்ல நேரம்.

எதிரி போனதும் முதல் அதிகாரி ரேவிங்கெல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்ப ஏறினார். பலருக்குப் பயம், ஏற மனமில்லை, மெதுவாகத்தான் ஏறினார்கள். தீயை அணைத்து, எதிர்ப்பக்கத் தொட்டிகளில் தண்ணீர் விட்டுச் சாய்வைச் சரிசெய்து, இன்ஜினை மீண்டும் ஓட்டி, வந்த வழியே ஃப்ரீமேண்டில் நோக்கித் திரும்பினார்கள்.

அதிலும் ஒரு வேடிக்கை. கப்பலைக் கைவிடும்போது ரகசியக் குறியீட்டுப் புத்தகங்களைக் கடலில் போட்டுவிட்டார்கள், அது விதிமுறை. இப்போது காயம்பட்டவர்களுக்கு உதவி கேட்க வேண்டும், சங்கேதம் இல்லை. வெறும் ஆங்கிலத்தில் ஒலிபரப்பினார்கள். கரையில் இருந்தவர்கள் 'இது ஜப்பான்காரன் வலை விரிக்கிறான்' என்று நினைத்துப் பதிலே கொடுக்கவில்லை. ஃப்ரீமேண்டில் நெருங்கிய பிறகுதான் விமானம் ஒன்று கண்டுபிடித்தது. நவம்பர் 18 அன்று துறைமுகம். ஒரு வாரம் ஓட்டை உடம்போடு வந்த கப்பல்.

மட்டக்களப்பிலிருந்து ஒருவர்: அண்ணை, எங்கட கடலுக்குள்ளயும் ஒரு கார்வெட் கிடக்குது எண்டு டைவ் பண்ணுற பெடியள் சொல்லினம். உண்மையோ?

உண்மைதான். அதன் பெயர் ஹாலிஹாக். 1942 ஏப்ரல் 9. ஏப்ரல் 5-இல் கொழும்பைத் தாக்கிய ஜப்பானிய விமானந்தாங்கிகள் அன்று திருகோணமலையைத் தாக்கின. முந்தின இரவே திருகோணமலையை விட்டு விலகிப் போயிருந்த ஹெர்மிஸ் விமானந்தாங்கியையும், கூடப் போன வாம்பயர் என்ற ஆஸ்திரேலியக் கப்பலையும் உங்கள் கடற்கரைக்கு எதிரே மூழ்கடித்தார்கள். ஹெர்மிஸில் மட்டும் முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்; வீட்டா என்ற மருத்துவமனைக் கப்பல் நூற்றுக்கணக்கானவர்களைக் காப்பாற்றியது.

ஹாலிஹாக் பிரிட்டனின் 'ஃபிளவர்' வகுப்பு. இந்த வகுப்புக்கு எல்லாம் பூவின் பெயர். ஹாலிஹாக் நம் செம்பருத்திக் குடும்பப் பூ. பெங்காலின் நிலைமையேதான் அதுக்கும்: ஒரு டேங்கருக்குக் காவல். வித்தியாசம் என்னவென்றால் வந்தது கப்பல் இல்லை, விமானங்கள். 16 நாட் ஓடும் கப்பல், மேலிருந்து பாய்ந்து குண்டு போடும் டைவ் பாம்பரிடமிருந்து எங்கே ஓடும்? இரண்டும் மூழ்கின. பிழைப்பும் சாவும் அந்த நாளில் யார் முன்னால் வந்து நின்றார்கள் என்பதைப் பொறுத்தது. வில்சனுக்கு வந்தது பீரங்கிச் சண்டை, இவர்களுக்கு அது கூடக் கிடைக்கவில்லை.

உங்கள் பெடியள் சொல்வது ஹெர்மிஸாகவும் இருக்கலாம், அது பிரபலமான டைவ் இடம். ஆழம் ஐம்பது மீட்டருக்கு மேல், பழக்கமில்லாதவர்கள் இறங்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சென்னை, மின்னணுப் பொறியாளர்: காவல் கப்பல் நீர்மூழ்கியை எப்படிக் கண்டுபிடித்தது? ரேடாரா?

அஸ்டிக். இன்றைக்கு சோனார் என்கிறோம். கப்பலின் அடியிலிருந்து ஒலித் துடிப்பை அனுப்பினால் நீர்மூழ்கி மேல் பட்டுத் திரும்பும், திரும்ப எடுத்த நேரத்தை வைத்துத் தூரம் கணக்கு. ஹெட்ஃபோன் போட்டவனின் காதுதான் முக்கியம். மீன் கூட்டமும் எதிரொலிக்கும், திமிங்கலமும் எதிரொலிக்கும்.

சிக்கல் கடைசி நூறு நூற்றைம்பது மீட்டரில். ஒலிக்கற்றை சாய்வாக முன்னால் போகிறது. நீர்மூழ்கிக்கு மேலே வரும்போது அது கற்றைக்கு அடியில் போய்விடும், எதிரொலி நின்றுவிடும். அந்தக் குருட்டு நேரத்தில்தான் டெப்த் சார்ஜைப் பின்பக்கத்திலிருந்து உருட்டிவிட வேண்டும். எந்த ஆழத்தில் வெடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே திருகி வைத்திருப்பார்கள், தண்ணீர் அழுத்தம் அதை வெடிக்க வைக்கும். நீர்மூழ்கிக் கேப்டனுக்கும் இது தெரியும், அந்த நிமிடத்தில் அவர் திரும்பிவிடுவார். குருட்டாட்டம். பிறகுதான் முன்பக்கமாக எறியும் 'ஹெட்ஜ்ஹாக்' வந்தது.

நம் கடலுக்குப் பக்கத்து உதாரணம் வேண்டுமா? 1944 பிப்ரவரி 11. கொழும்பிலிருந்து கல்கத்தா போன ஜேசி 36 கான்வாயில் அஸ்ஃபேலியன் என்ற பிரிட்டிஷ் கப்பல், விசாகப்பட்டினத்துக்கு அருகே ஆர்ஓ-110 என்ற ஜப்பானிய நீர்மூழ்கியிடம் டார்பிடோ வாங்கியது. காவலுக்கு இருந்தவை இந்தியாவின் ஜம்னா, ஆஸ்திரேலியாவின் இப்ஸ்விச், லான்செஸ்டன். ஜம்னா கொஞ்சம் பெரிய 'ஸ்லூப்', மற்ற இரண்டும் பெங்காலின் உடன்பிறப்புகள். மூன்றும் சேர்ந்து அஸ்டிக்கில் பிடித்து, டெப்த் சார்ஜ் போட்டு அதை முடித்தன. அஸ்ஃபேலியன் தப்பி விசாகப்பட்டினம் சேர்ந்தது.

சேலத்திலிருந்து: நம் தமிழர்கள் யாராவது பெங்காலில் இருந்தார்களா? என் தாத்தா ராயல் இந்தியன் நேவியில் இருந்ததாகச் சொல்வார்கள்.

ஆளாளுக்கு நான் பெயர் சொல்ல முடியாது. பொதுவான படம் இதுதான்: போர் தொடங்கும்போது அந்தக் கடற்படையில் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. பெரும்பாலோர் கொங்கண், பஞ்சாப் பக்கம். போர் முடியும்போது 25,000-ஐத் தாண்டியது. அவ்வளவு பேரை இரண்டு இடங்களிலிருந்து மட்டும் எடுக்க முடியாது, அதனால் சென்னை மாகாணத்திலிருந்தும் ஏராளமாக ஆள் எடுத்தார்கள். உங்கள் தாத்தாவின் சர்வீஸ் புக் வீட்டில் எங்காவது கிடக்கும். அதில் எந்தக் கப்பல், எந்தத் தேதி என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

வேலூரிலிருந்து: 1946 கடற்படைக் கிளர்ச்சியில் இந்தப் போர்வீரர்கள்தானே இருந்தார்கள்?

ஆமாம். 1946 பிப்ரவரி 18 அன்று மும்பையில் தல்வார் என்ற சிக்னல் பள்ளியில் தொடங்கியது. கேவலமான சாப்பாடு, அதிகாரிகளின் வசைச்சொல், போர் முடிந்தும் வீட்டுக்கு அனுப்பாத தாமதம். சில நாட்களில் பல கப்பல்களுக்கும் கரைத் தளங்களுக்கும் பரவியது, சுமார் 20,000 பேர். அது தனியாக எழுத வேண்டிய கதை, இன்னொரு நாள்.

பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்: இப்போது பெங்கால் எங்கே இருக்கிறது? போய்ப் பார்க்க முடியுமா?

முடியாது. சுதந்திரத்துக்குப் பின் ஐ.என்.எஸ். பெங்கால் ஆகி, 1960-இல் ஓய்வு கொடுத்து உடைத்துவிட்டார்கள். ஒண்டினா 1959-இல் ஹாங்காங்கில் உடைக்கப்பட்டது, ஒரு வருஷம்தான் வித்தியாசம்.

உடன்பிறந்த கப்பல்கள் இரண்டு மட்டும் இன்று இருக்கின்றன, இரண்டும் ஆஸ்திரேலியாவில். வையல்லா தன் பெயரிலேயே உள்ள ஊரில் கடலை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே தரையில் நிற்கிறது. காசில்மெய்ன் மெல்போர்னுக்குப் பக்கத்தில் வில்லியம்ஸ்டவுன் கப்பல்துறையில் மிதந்துகொண்டே அருங்காட்சியகமாக இருக்கிறது. பிள்ளைகள் மெல்போர்னில் இருப்பவர்கள் யாராவது போனால் இன்ஜின் ரூமுக்குள் இறங்கிவிட்டு வாருங்கள். அந்த நீராவி இன்ஜினைச் சுற்றி இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கடந்து போக இடம் இருக்கிறதா என்று எனக்கு எழுதுங்கள். அந்த இடத்தில்தான் நவம்பர் 11 அன்று பெங்காலின் ஸ்டோக்கர்கள் (கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் ஆட்கள்) நின்றிருந்தார்கள், மேலே என்ன நடக்கிறது என்று தெரியாமல்.